எல்வா ஆறு மீண்ட வரலாறு

அணை கட்டியவர்களின் பெயரை மக்கள் எளிதில் மறப்பதில்லை. கல்லணை என்றதும் கரிகாற் சோழனை நினைக்கிறோம். பெரியாற்று அணை என்றதும் பென்னிகுவிக் என்னும் ஆங்கிலப் பொறியாளரை நினைக்கிறோம். வீணே கடலுக்கு ஓடும் நீரை மறித்து வயலுக்குத் திருப்பியவரை வாழ்த்துவது, உழவை உயிராகக் கொண்ட நமக்கு இயல்பேயாகும். ஆனால் அணையை இடித்தவர்களை மக்கள் கூடி நின்று வாழ்த்திய நிகழ்ச்சியும் அண்மைக்கால வரலாற்றில் உண்டு. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில், எல்வா என்னும் ஆற்றின் கரையில் அது நிகழ்ந்தது. இடித்தவர் பகைவர் அல்லர், அந்நாட்டு அரசாங்கத்தாரே. காரணம் யாதெனக் கேட்டால், மீன்கள் ஆற்றில் ஏறுவதற்காக என்று சுருக்கமாக விடை கூறிவிடலாம். அந்தச் சுருக்கமான விடைக்குப் பின்னே நூறாண்டு வரலாறு ஒன்று நிற்கிறது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மீன் ஆற்றில் ஏறுவது என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். மீன்களுள் பெரும்பாலானவை கடலிலோ நன்னீரிலோ ஏதேனும் ஒன்றில் பிறந்து அதிலேயே வாழ்ந்து முடிபவை. சில இனங்கள் மட்டும் இரண்டையும் தம் வீடாகக் கொண்டவை. விலாங்கு நன்னீரில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்கிறது. சால்மன் இதற்கு நேர்மாறானது. அது மலையாற்றின் குளிர்ந்த நீரில், கூழாங்கற்களின் இடுக்கில் பிறக்கிறது; சிறு பருவத்திலேயே ஆற்றோடு இறங்கிக் கடலை அடைகிறது; அங்கே சில ஆண்டுகள் உண்டு கொழுத்துப் பெருமீனாகிறது. பின்னர்த் தான் பிறந்த அதே ஆற்றைத் தேடி மீள்கிறது. ஒவ்வோர் ஆற்று நீருக்கும் உரிய மணத்தை அது நினைவில் வைத்திருந்து வழி கண்டுபிடிக்கிறது என்று விலங்கியலார் கூறுவர். ஆற்றில் நுழைந்த பின் அது இரை தேடுவதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பையே செலவிட்டு, எதிர்நீச்சலிட்டு, பாறைகளைத் தாவி, மேலே சென்று முட்டையிடுகிறது. பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டவுடன் இறந்துவிடுகின்றன.

அந்த இறப்பும் வீணாவதில்லை. கரடியும் கழுகும் நீர்நாயும் அம்மீன்களை உண்கின்றன. கரடி காட்டுக்குள் இழுத்துச் சென்று தின்று எஞ்சியதை மண் ஏற்றுக்கொள்கிறது. கடலில் சேர்ந்த நைட்ரஜன் சத்து, மலைமேல் நிற்கும் மரங்களின் வேருக்கு இவ்வாறு போய்ச் சேருகிறது. ஆறு மண்ணையும் மணலையும் கடலுக்குக் கொண்டு செல்கிறது. மீன் கடலின் செல்வத்தை மலைக்குக் கொண்டு வருகிறது. இவ்விரு போக்குவரவும் நடைபெறும் ஒரே பாதை ஆறுதான். அப்பாதையில் வாயிலற்ற சுவர் ஒன்று எழுந்தால் இரண்டும் ஒருங்கே நின்றுவிடும்.

எல்வா நீண்ட ஆறன்று. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மலைகளில் பனி உருகிப் பிறந்து, ஏறத்தாழ 72 கிலோமீட்டர் வடக்கு நோக்கி ஓடி, ஹுவான் டெ ஃபூகா நீரிணையில் கலக்கிறது. நீளத்தில் சிறியதாயினும் மீன்வளத்தில் அது பெரியதாக இருந்தது. சினூக், கோஹோ, சம், பிங்க், சாக்கை எனும் ஐவகைப் பசிபிக் சால்மன்களும் அதில் ஏறின. ஸ்டீல்ஹெட் என்னும் கடலோடி டிரவுட் மீனும் ஏறியது. எல்வாவின் சினூக் மீன்களில் சில 45 கிலோகிராம் எடையையும் எட்டின என்பர். ஆண்டுதோறும் ஏறக்குறைய 4 இலட்சம் மீன்கள் அந்த ஆற்றுக்குத் திரும்பியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு.

இவ்வாற்றங்கரையில் நெடுங்காலமாக வாழ்ந்தவர்கள் கிளாலம் என்னும் பழங்குடி மக்கள். அப்பெயருக்கு வலிமையுடைய மக்கள் என்பது பொருள். சால்மன் அவர்களுக்கு உணவு, வாணிகப் பொருள், வழிபாட்டுக்கு உரியது. ஆற்றின் ஓரிடத்தில், பாறையில் கூடை போன்ற குழிகள் உள்ள இடத்தில், படைப்புக் கடவுள் தம் முன்னோரை நீராட்டி உருவாக்கினார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 1855ஆம் ஆண்டு அவர்களும் அயலிலிருந்த பழங்குடியினரும் அமெரிக்க அரசாங்கத்துடன் பாயின்ட் நோ பாயின்ட் என்னுமிடத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி அவர்கள் தம் பரந்த நிலத்தை அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தனர். ஆனால் வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையைத் தமக்கென வைத்துக்கொண்டனர். இந்த ஒரு வாசகத்தை நீங்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அது பெரும் வலிமை பெறப்போகிறது.

1890ஆம் ஆண்டு தாமஸ் ஆல்டுவெல் என்னும் இளைஞர் கனடாவிலிருந்து போர்ட் ஏஞ்சலஸ் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். எல்வா ஆறு குறுகிய பாறை இடுக்கு ஒன்றில் பாய்வதை அவர் கண்டார். அங்கே அணை கட்டினால் மின்சாரம் எடுக்கலாம். மின்சாரம் இருந்தால் மரத்தொழிலும் காகிதத்தொழிலும் வளரும். சிற்றூர் நகரமாகும் என்று அவர் எண்ணினார். ஆற்றோர நிலங்களைச் சிறிது சிறிதாக, தம் நோக்கம் வெளியே தெரியாதவாறு, பல ஆண்டுகள் வாங்கிச் சேர்த்தார். சிகாகோ நகர முதலாளிகளின் பணமும் கிடைத்தது. 1910ஆம் ஆண்டு, கடலிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், 108 அடி உயரமுள்ள எல்வா அணையின் வேலை தொடங்கியது. ஆல்டுவெல்லைத் தீயவராகக் கருதுவதற்கில்லை. காட்டையும் ஆற்றையும் வென்று பயன்கொள்வதே முன்னேற்றம் என்று அக்காலத்தார் பலரும் நம்பினர், அவரும் நம்பினார். முதுமையில், 1950ஆம் ஆண்டு, அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் தலைப்பே, கடைசி எல்லைப்புறத்தை வெல்லுதல் என்று பொருள்படுவதாகும்.

அணையில் மீன் ஏறுவதற்கு வழி வைக்கப்படவில்லை. அதற்குச் சட்டம் இல்லாமலில்லை. வாஷிங்டன் 1889இல் மாநிலமாயிற்று; மறு ஆண்டே, உணவு மீன்கள் ஏறும் ஆறுகளில் அணை கட்டுவோர் மீன்வழி அமைத்தல் வேண்டும் என்று அம்மாநிலச் சட்டமன்றம் விதித்துவிட்டது. 1911ஆம் ஆண்டு அவ்வட்டாரத்து வனவிலங்குக் காவலர் ஒருவர் மேலதிகாரிக்கு ஒரு முறையீடு எழுதினார். அணைக்கு மேலே ஆற்றிலும் கிளையாறுகளிலும் தேடியும் ஒரு சால்மனும் காணவில்லை என்றும், அணையின் அடியில் ஆயிரக்கணக்கான மீன்கள் திரண்டு நிற்கின்றன என்றும் அவர் தெரிவித்தார். எனவே சட்டமும் இருந்தது; அது மீறப்பட்டது என்ற செய்தியும் உரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கிடையே ஒரு பேரிடர் நேர்ந்தது. அணையின் அடித்தளம் கெட்டியான பாறை வரையில் இறக்கப்படவில்லை. ஆற்றுப் பரல்மேல் அமர்ந்திருந்தது. 1912ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், தேங்கிய நீரின் அழுத்தம் தாங்காமல் அப்பரல் அரிக்கப்பட்டு, அணையின் கீழ்ப்புறமாகவே வெள்ளம் பீறிட்டு வெளியேறியது. சுவர் நின்றது, அதன் அடி போயிற்று. கீழே ஆற்றங்கரையில் வாழ்ந்த கிளாலம் மக்களின் குடியிருப்புகள் வெள்ளத்தில் சிக்கின. கல்லும் மண்ணும் மரமும் கொட்டி ஓட்டையை அடைத்தார்கள். 1913ஆம் ஆண்டு அணை மீண்டும் நிறைவுற்றது. அது மறுபடியும் உடையுமோ என்ற அச்சம் அம்மக்களின் மனத்தில் மூன்று தலைமுறைக் காலம் தங்கிவிட்டது.

அப்போது மாநில மீன்துறை ஆணையராக வந்தவர் லெஸ்லி டார்வின். அவர் ஒரு வழி கண்டார். அணையின் அடியிலேயே மீன்குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றை நிறுவினால், அணையை அப்பொரிப்பகத்துக்கு மீன்களைத் தடுத்துப் பிடிக்கும் கருவியாகக் கொள்ளலாம். அவ்வாறு கொண்டால் மீன்வழி இல்லாத குற்றம் நீங்கிவிடும் என்பது அவர் யோசனை. 1915ஆம் ஆண்டு, மீன்வழிக்கு ஈடாகப் பொரிப்பகம் அமைக்கலாம் என்று சட்டமே திருத்தப்பட்டது. எல்வாவின் பொரிப்பகமோ 1922ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. ஈடு போயிற்று, அணை நின்றது. மாணவர்களே, சட்டங்கள் எப்போதும் உடைக்கப்படுவதில்லை. சில வேளைகளில் அவை வளைக்கப்படுகின்றன. வளைத்தவர் விலகிய பின்பும் அந்த வளைவு நிலைத்துவிடுகிறது. எல்வாவின் வரலாற்றில் நான் மிகவும் கருதிப் பார்க்கத்தக்கதாக எண்ணுவது இந்தப் பகுதியையே ஆகும்.

1927ஆம் ஆண்டு, முதல் அணைக்கு மேலே ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவில், கிளைன்ஸ் கேன்யன் என்னும் இரண்டாம் அணை எழுந்தது. அதன் உயரம் 210 அடி. அதிலும் மீன்வழி இல்லை. மின்சாரம் வந்தது, போர்ட் ஏஞ்சலஸில் விளக்கு எரிந்தது, மர ஆலையும் காகித ஆலையும் ஓடின, பலருக்கு வேலை கிடைத்தது. இந்த நன்மைகள் உண்மையானவை. இவற்றை மறைத்துவிட்டு அணையின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

மற்றொரு பக்கத்தில் எழுதப்படாத கணக்கு ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. 110 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆறும் கிளையாறுகளும் மீனுக்கு அடைபட்டன; எஞ்சியது அணைக்குக் கீழே இருந்த 8 கிலோமீட்டர் மட்டுமே. 4 இலட்சம் என மதிக்கப்பட்ட மீன்கள் சில ஆயிரங்களாகக் குறைந்தன. மலையிலிருந்து வரும் மணலும் பரலும் நீர்த்தேக்கங்களின் அடியில் படிந்துவிட்டன. முட்டையிடுவதற்கு வேண்டிய சிறு பரல் கீழ் ஆற்றுக்கு வரவில்லை, பெருங்கற்களே எஞ்சின. மணல் வராத காரணத்தால் கழிமுகத்துக் கடற்கரை ஆண்டுதோறும் கரைந்தது. கிளாலம் மக்கள் மட்டி பொறுக்கிய மணற்கரை மறைந்தது. அவர்களுடைய படைப்புத் தலம் நீருக்குள் மூழ்கியது. தம் முன்னோர் மீன் பிடித்த ஆற்றிலேயே மீன் பிடித்ததற்காக அவர்களுள் சிலர் கைது செய்யப்படவும் நேர்ந்தது. கடலுக்கு ஓடும் நீர் வீணாகும் நீர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நீர் கடற்கரையைக் கட்டிக்கொண்டிருந்தது என்பதை எல்வாவின் கழிமுகம், தான் கரைந்தபோதுதான் காட்டியது.

நிலைமை மாறத் தொடங்கியது நீதிமன்றத்திலும் உரிம அலுவலகத்திலும்தான். 1974ஆம் ஆண்டு, ஜார்ஜ் போல்ட் என்னும் கூட்டாட்சி நீதிபதி ஒரு தீர்ப்பு வழங்கினார். 1855ஆம் ஆண்டுக் காலத்து உடன்படிக்கைகள் வெறுங்காகிதம் அல்ல. அவற்றால் உரிமை பெற்ற பழங்குடியினருக்கு அறுவடை செய்யத்தக்க மீனில் பாதி உரியது என்று அவர் தீர்த்தார். முன்னர் நினைவில் இருத்தச் சொன்ன வாசகம் இங்கே உயிர் பெற்றது. மீனில் பாதி உரியது என்றால், மீனே இல்லாத ஆற்றில் எதன் பாதியைப் பெறுவது என்ற கேள்வி உடனே எழுந்தது.

உரிமத்தின் செய்தி வேறு. அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகளுக்குக் கூட்டாட்சி அரசாங்கம் குறித்த காலத்துக்கே உரிமம் வழங்குகிறது. காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். கிளைன்ஸ் அணையின் உரிமம் 1976இல் முடிவுற்றது. எல்வா அணையோ அந்த முறை ஏற்படுவதற்கு முன் கட்டப்பட்டது. அதற்கு உரிமம் கேட்டு 1968இல்தான் விண்ணப்பம் செய்யப்பட்டது. இதற்குள் கிளைன்ஸ் அணை இருந்த மலைப்பகுதி, 1938இல் அமைந்த ஒலிம்பிக் தேசியப் பூங்கா பின்னர் விரிவுபட்டபோது, அதன் எல்லைக்குள் வந்துவிட்டது. தேசியப் பூங்காவின் உள்ளே இருக்கும் தனியார் அணைக்கு உரிமம் வழங்கலாமா என்ற வாதமும் சேர்ந்தது. 1986ஆம் ஆண்டு இவ்வழக்கில் கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர் தம்மையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டனர். இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும் சேர்ந்தன. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உரிமச் சட்டத்தைத் திருத்தி, மின் உற்பத்திக்கு அளிக்கும் அதே கருத்தை மீனுக்கும் வனவிலங்குக்கும் அளிக்க வேண்டும் என்று விதித்தது. நூறாண்டு எழுதப்படாதிருந்த கணக்கின் மறுபக்கத்தை எழுதியே ஆகவேண்டும் என்று சட்டம் முதன்முறையாகக் கட்டளையிட்டது.

வழக்கு நீண்டால் எவருக்கும் நன்மையில்லை என்பதை எல்லாத் தரப்பினரும் உணர்ந்தனர். 1992ஆம் ஆண்டு எல்வா ஆற்றை மீட்கும் சட்டம் ஒன்றைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அதில் கையெழுத்திட்டார். அணைகளை அரசாங்கம் விலைக்கு வாங்கலாம். ஆற்றை முழுமையாக மீட்க வேறு வழியில்லையெனில் அவற்றை அகற்றலாம். ஆலைக்கு மாற்று மின்சாரமும் நகரத்துக்குத் தூய குடிநீரும் குறையாமல் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்பன அதன் சாரம். நிதி ஒதுக்குவதில் இழுபறி நேர்ந்தமையால், 2000ஆம் ஆண்டில்தான் அணைகள் 2.95 கோடி டாலருக்கு அரசாங்கத்தின் கைக்கு வந்தன.

இதற்கு முந்திய ஆண்டு, நாட்டின் மறுகோடியில் மெயின் மாநிலத்தில், ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருந்தது. கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837ஆம் ஆண்டு கட்டப்பட்ட எட்வர்ட்ஸ் அணைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து, உரிமையாளர் விரும்பாத நிலையிலும் அதனை அகற்றுமாறு கூட்டாட்சி ஆணையம் 1997இல் ஆணையிட்டது. அவ்வாறு ஆணையிட்டது அதுவே முதன்முறை. அந்த அணை அம்மாநில மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கையே தந்துகொண்டிருந்தது. 1999ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அது உடைக்கப்பட்டது. 162 ஆண்டுகளுக்குப் பின் கடல்மீன் அவ்விடத்தைக் கடந்து ஏறியது.

எல்வாவில் இடிப்பது எளிதாக இருக்கவில்லை. இரு நீர்த்தேக்கங்களிலும் 2 கோடி கனமீட்டருக்கும் மேற்பட்ட வண்டல் படிந்திருந்தது. அணையை ஒரே நாளில் தகர்த்தால் அவ்வளவும் ஒருங்கே பாய்ந்து ஆற்றையும் ஊரையும் மூடிவிடும். எனவே 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய வேலை, படிப்படியாக மேலிருந்து கீழாக நடைபெற்றது. நீர்மட்டத்தைச் சிறிது இறக்குவார்கள். ஆறு தானே வண்டலை அரித்துச் செல்ல விடுவார்கள். மீன் ஏறும் பருவங்களில் வேலையை நிறுத்துவார்கள். பின்னர் மறுபடி இறக்குவார்கள். நகரத்தின் குடிநீருக்கெனப் புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் முன்னதாகவே கட்டப்பட்டன. அவ்வாறிருந்தும் வண்டல் மிகுதியால் நீரெடுக்கும் அமைப்பு அடைபட்டு, வேலையை ஏறத்தாழ ஓராண்டு நிறுத்திவைக்க நேர்ந்தது. எல்வா அணை 2012ஆம் ஆண்டு மார்ச்சில் முற்றும் அகன்றது. கிளைன்ஸ் அணையின் கடைசிப் பகுதி 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெடிவைத்து நீக்கப்பட்டது. அதுவரை உலகில் அகற்றப்பட்ட அணைகளுள் அதுவே மிக உயர்ந்தது. நிலம் வாங்கியது முதல் மீட்புப் பணி வரை மொத்தச் செலவு ஏறத்தாழ 32.5 கோடி டாலர்.

இனிப் பயனைக் காண்போம். முதல் அணை நீங்கிய அதே 2012ஆம் ஆண்டின் கோடையில், நூறாண்டுகளாகச் சினூக் காணாத பூங்காப் பகுதிக்குள் அம்மீன்கள் நுழைந்தன. எவரும் அவற்றைத் தூக்கிச் சென்று விடவில்லை. வழி திறந்தது, அவை சென்றன. 2014இல் இரண்டாம் அணை இருந்த இடத்தையும் கடந்தன. அணைக்கு மேலே நூறாண்டு அடைபட்டிருந்த ரெயின்போ டிரவுட் மீன்கள், கடலோடும் ஸ்டீல்ஹெட்டின் இனமே ஆகும். கடலையே காணாது பல தலைமுறை வாழ்ந்த அவற்றின் வழித்தோன்றல்கள், தடை நீங்கியதும் மீண்டும் கடலுக்குச் சென்று ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பத் தொடங்கின. கோடையில் ஏறும் ஸ்டீல்ஹெட் இனம் அற்றுப்போனதென்றே கருதப்பட்டிருந்தது. அது மீண்டெழுந்தது கண்டு ஆராய்ச்சியாளரே வியந்தனர்.

தேங்கியிருந்த வண்டலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முதல் ஐந்து ஆண்டுகளில் ஆறு அரித்துச் சென்றது. அதில் பெரும்பகுதி கடலை அடைந்து, கரைந்துகொண்டிருந்த கழிமுகத்தில் புதிய மணற்கரைகளாக எழுந்தது. அங்கே நண்டுகளும் சிறு மீன்களும் கூடின, பறவைகள் வந்தன. நீர்த்தேக்கங்கள் வற்றிய சேற்றுநிலத்தில் அம்மண்ணுக்குரிய செடிகளும் மரக்கன்றுகளும் இலட்சக்கணக்கில் நடப்பட்டன. நீர் வற்றியபோது கிளாலம் மக்களின் படைப்புத் தலமும் வெளிப்பட்டது. முன்னோர் சொல்லக் கேட்டு மட்டுமே அறிந்திருந்த பாறைக் குழிகளை அவர்கள் 2012ஆம் ஆண்டு கண்ணாரக் கண்டனர்.

எல்லாம் பழைய நிலையை அடைந்துவிட்டன என்று நான் கூறமாட்டேன். 4 இலட்சம் மீன்கள் திரும்பிவிடவில்லை. அணை நீங்கிய பின் வந்த முதல் பத்தாண்டில் ஆற்றில் ஏறிய சினூக்குகளுள் பெரும்பாலானவை பொரிப்பகத்தில் பிறந்தவை. பிங்க் இனம் மெல்லவே மீள்கிறது. இனம் பெருகட்டும் என்று கிளாலம் மக்கள் தாமே இசைந்து 2011 முதல் எல்வாவில் மீன் பிடிப்பதை நிறுத்தினர். ஐந்து ஆண்டு என எண்ணிய அந்நோன்பு மேலும் நீண்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில்தான், வழிபாட்டுக்கும் வீட்டு உணவுக்கும் மட்டும், சில நூறு கோஹோ மீன்களைப் பிடிக்க ஆற்றில் இறங்கினர். உரிமைக்காக மூன்று தலைமுறை போராடியவர்கள், உரிமை கைக்கு வந்தபோது பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தனர். இந்தப் பொறுமையை எந்தப் பொறியியல் நூலிலும் காண முடியாது. அது இல்லாமல் எந்த ஆறும் மீளாது.

எல்வா தனித்து நிற்கவில்லை. அமெரிக்காவில் இதுவரை 2,000க்கும் மேற்பட்ட அணைகள், பெரும்பாலும் சிறியனவும் பழுதுற்றனவும், அகற்றப்பட்டிருக்கின்றன. கலிபோர்னியா, ஆரிகன் மாநிலங்களுக்கிடையே ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு பெரும் நீர்மின் அணைகள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் நீக்கப்பட்டன. வேலை முடிந்த சில வாரங்களிலேயே, 2024ஆம் ஆண்டு அக்டோபரில், சினூக் மீன்கள் அணைகள் இருந்த இடங்களைக் கடந்து ஆரிகனுக்குள் ஏறியதைக் கண்டனர்.

நம் நாட்டிலும் ஆறேறும் மீன் உண்டு. வங்காளத்தார் இலிஷ் என்று போற்றும் ஹில்சா கடலில் வளர்ந்து ஆற்றில் ஏறி முட்டையிடுவது. ஒருகாலத்தில் அது கங்கையில் அலகாபாத்தையும் கடந்து சென்றது. 1975இல் ஃபராக்கா தடுப்பணை செயற்படத் தொடங்கிய பின் மேற்பகுதிகளில் அரிதாயிற்று. காவிரியிலும் ஹில்சா ஏறியதுண்டு. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின் அது அருகியது. இதனால் மேட்டூர் அணையை இடிக்க வேண்டும் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. எல்வாவின் இரு அணைகளும் ஓர் ஆலைக்கு மின்சாரம் தந்தவை. அதனை வேறிடத்திலிருந்து பெற முடிந்தது. காவிரியின் நீரோ இலட்சக்கணக்கான மக்களின் சோறு. ஓர் அணைக்குச் சொன்ன தீர்ப்பை மற்றோர் அணைக்குச் சொல்லிவிட முடியாது. ஒவ்வோர் அணைக்கும் அதனதன் கணக்கைத் தனியே எழுதிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கை முழுமையாக எழுத வேண்டும் என்பதே எல்வாவிடம் நாம் கற்கும் பாடம் என்று நான் கருதுகிறேன். வரவை மட்டும் எழுதி, செலவைச் செலுத்தியவர் பெயரை விட்டுவிட்டால், அக்கணக்கு நூறாண்டு கழித்தாயினும் திரும்ப வந்து நிற்கும். அப்போது தீர்ப்பதற்கு ஆகும் செலவு பன்மடங்காகும். 1911ஆம் ஆண்டு அக்காவலர் எழுதிய முறையீட்டைச் செவிமடுத்து அன்றே ஒரு மீன்வழி அமைத்திருந்தால், செலவு எவ்வளவோ குறைந்திருக்கும். உங்களுள் சிலர் நாளைப் பொறியாளராகலாம். சிலர் சட்டம் இயற்றும் மன்றத்தில் அமரலாம். சிலர் அலுவலகத்தில் அமர்ந்து முறையீடுகளைப் படிக்கலாம். அப்போது ஆற்றின் குறுக்கே எழுப்ப வேண்டிய எதனைப் பற்றிய தாள் உங்கள் முன் வந்தாலும், நீர் யாருக்குச் செல்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், மேலே ஏற வேண்டியது எது, கீழே இறங்க வேண்டியது எது, அவற்றை நம்பி வாழ்பவர் யார் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்குரிய விடையையும் அதே தாளில் எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.